காபிக்குப் பிறகு தண்ணீர்

அந்த அம்மாள் தண்ணீரைக் குடித்தபோது கடையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். காபி மெஷினுக்குப் பின்னால் அனியெல்லோ. கல்லாவில் அவன் மனைவி மேனா. நின்றுகொண்டு காபி குடிக்கிற நீள மேடையின் மூலையில் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் லிபோரியோ. அப்புறம் தலை முதல் கால் வரை சிமெண்ட் தூசியோடு நான். நாலு பேரும் பார்த்தோம்.

எங்கள் நாப்போலி ஊரில் காபி கேட்டால் முதலில் ஒரு சின்னக் கிளாஸில் தண்ணீர் வரும். அதைக் காபிக்கு முன்னால் குடித்துவிட வேண்டும். வாயைச் சுத்தம் பண்ணி, வரப்போகிற காபிக்கு இடம் ஒழித்துக் கொடுப்பது அது. காபி குடித்த பிறகு ரொம்ப நேரத்துக்கு யாரும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். அந்த ருசியை வாயில் வைத்துக்கொண்டே தெருவில் நடப்பார்கள். காபிக்கு மேல் தண்ணீர் குடிக்கிறவன், “இந்தக் கண்றாவியை முதலில் கழுவித் தொலைக்கணும்” என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்கிறான் என்று அர்த்தம். கெட்ட வார்த்தை சொன்னால்கூட அனியெல்லோ சிரித்துவிட்டுப் போவான். இது அப்படியில்லை.

அவன் எந்த அளவுக்கு நொறுங்கிப்போனான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அனியெல்லோ என் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கும்பாரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் கொத்து வேலைக்குப் போகிறவன். விடிகிற நேரத்தில் அவன் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருக்கும்போதே குனிந்து உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு மெஷினில் வரும் முதல் இரண்டு காபியைக் கொட்டிவிடுவான். மூன்றாவது எனக்கு. முப்பது வருஷ வழக்கம் இது. அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாளும் “எப்படி இருக்கு?” என்று அவன் என்னைக் கேட்டதில்லை. அவனுக்குத் தெரியாததா?

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தான். எழுந்து வந்த முதல் நாள், காபியை என் முன்னால் வைத்துவிட்டுக் கோப்பையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு, சொஸ்ஸியோ?”

“என்ன கேள்வி இது?”

“சொல்லேன்டா.”

“நல்லா இருக்கு. கொஞ்சம் தண்ணியா ஓடுது.”

தூள் இன்னும் நைசாக விழட்டும் என்று அவன் அரவை எந்திரத்தின் பல் வைத்த வளையத்தை ஒரு பல் இறுக்கினான். மறுபடி காபி பிடித்துக் கொடுத்தான். “இப்போ?” என்றான். இப்போது சரியாக இருந்தது. அதற்கப்புறம் பாதி ஷட்டர் வெளிச்சத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

“எனக்கு ஒண்ணுமே தெரியல, கும்பாரே. மோந்து பாத்தா காத்து. குடிச்சா சுடுதண்ணி. டாக்டர் வரும்ங்கிறாரு, வராமலும் போகலாம்ங்கிறாரு. மேனாகிட்ட சொல்லிடாதே. சொன்னா கடையை அந்தக் காந்த பொம்மைக்காரனுக்கு விட்டுடலாம்னு ஆரம்பிப்பா.”

பக்கத்துக் கடையில் வெளியூர்க்காரர்களுக்கு ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த பொம்மைகள் விற்கிற ஒருவன் ரொம்ப நாளாக இந்த இடத்துக்கு அடி போட்டுக்கொண்டிருந்தான்.

“நீ ருசி பாத்துச் சொல்ற வரைக்கும் நான் காபி இழுப்பேன்,” என்றான் மெஷினின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே. “ஆனா ஒண்ணு. என் காபிக்கு மேல எவனாவது ஒருத்தன் தண்ணி குடிச்சான்னு வை, அன்னைக்கே கடையை மூடிடுவேன். ஊரை ஏமாத்திட்டு நிக்க மாட்டேன்.”

அன்றிலிருந்து நான் அவனுடைய நாக்கு. நுரையின் நிறம் அவன் கண்ணுக்குத் தெரியும். எங்கள் மடத்துச் சாமியார்களின் அங்கி மாதிரி பழுப்பாக விழ வேண்டும். கோப்பை நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்பது அவன் காதுக்குத் தெரியும். ஆனால் காற்று மாறினால் காபித் தூளும் மாறும். கடலிலிருந்து ஈரமாக சிரொக்கோ என்கிற தெற்குக் காற்று அடிக்கிற நாட்களில் தூள் உப்பிக்கொண்டு அடைத்துக்கொள்ளும், காபி சொட்டுச் சொட்டாய் இறங்கிக் கருகும். அப்போது ஒரு பல் தளர்த்த வேண்டும், சில நாள் இரண்டு. எத்தனை என்று நாக்குதான் சொல்லும். நான் சொல்வேன், அவன் திருகுவான். ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது.

அன்றைக்கு சிரொக்கோ. விடியும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைக்கு எதிர்க் கட்டடத்தில் முகப்புப் பூச்சு வேலை எங்களுக்கு. சிமெண்ட் லாரி சீக்கிரமே வந்து தெருமுனையில் நிற்கிறது, இறக்க ஆளில்லை என்று மேஸ்திரி போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்தபடியே கோப்பையை எடுத்து ஒரே வாயில் கவிழ்த்தேன். அனியெல்லோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லா இருக்கு,” என்றேன். ஓடினேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் நாள் இருபத்தெட்டு மூட்டை தூக்கியிருந்தேன். தோள் எனக்குச் சொந்தமாக இல்லை. இன்னொருவனுக்காக நாக்கைத் தீட்டி வைத்துக்கொண்டு தினமும் விடியலில் நிற்பதும் ஒரு வேலைதான். அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேஸ்திரி கால் மணி நேரம் விட்டார். கடைக்கு வந்தேன். எனக்குப் பின்னாலேயே அந்த அம்மாள் நுழைந்தாள். அறுபது வயது இருக்கும். வெள்ளைத் துணித் தொப்பி, மூக்கு நுனி வெயிலில் வெந்து சிவந்திருந்தது, தோளில் பை, கையில் ஒரு சின்ன நோட்டு. கல்லாவில் சீட்டு வாங்காமல் நேராக மேடைக்குப் போய் நின்றாள்.

“அம்மா, இங்க! முதல்ல இங்க வாங்க,” என்று மேனா கையைத் தட்டினாள். “சீட்டு இல்லாம அவன் அசையமாட்டான். போப்பாண்டவரே வந்தாலும் இங்க நின்னுட்டுத்தான் அங்க போகணும்.”

அந்த அம்மாள் நோட்டைப் பிரித்து ஒரு விரலை வரி மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்: “காலை வணக்கம். எனக்கு ஒரு காபி வேண்டும். அமர்வதற்கு இடம் எங்கே உள்ளது?”

எங்கள் பாஷைதான். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து அப்படியே இறங்கி வந்த மாதிரி. லிபோரியோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

“அமர்வதற்கு! கேட்டியா மேனா, அமர்வதற்காம். ஏம்மா, மூணு வாய் காபிக்கு நாற்காலி எதுக்கு? உக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள ஆறிப்போயிடுமே.”

“நான் ஃபின்லாந்து நாட்டவள். என் பெயர் கிர்ஸ்தி. எங்கள் நாட்டில் நாங்கள் அமர்ந்து நீண்ட நேரம் குடிப்போம்.”

“அங்க குளிரு. எந்திரிச்சா உறைஞ்சிடுவாங்க,” என்றார் லிபோரியோ. “தனியாவா வந்தீங்க?”

“என் கணவர் விடுதியில் உள்ளார். அவருடைய முழங்கால் நலமாக இல்லை. உங்கள் நகரத்தில் படிகள் மிகுதி.”

“முழங்காலுக்கு மேனாவோட நாக்கு நல்ல மருந்து. ரெண்டு வார்த்தை கேட்டா எந்திரிச்சு ஓடிடுவாரு.”

“நீ ஓடறியா பாரேன், இன்னும் அங்கேயேதானே நிக்கிறே,” என்றாள் மேனா.

அனியெல்லோவுக்குச் சந்தோஷம். நோட்டில் எழுதிக்கொண்டு வந்து தன் கடையைத் தேடி நுழைகிற வெளியூர்க்காரி என்றால் அவனுக்குத் தலை கொஞ்சம் நிமிரும். தண்ணீர் கிளாஸை வைத்தான். கொதிக்கிற தண்ணீரில் கிடக்கும் கோப்பைகளில் ஒன்றை இடுக்கியால் எடுத்து உதறி வைத்தான். கைப்பிடியை இழுத்து விட்டான். காபி இறங்கியது. மெதுவாக இறங்கியது. ரொம்ப மெதுவாக. நான் மேடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையை அவள் முன்னால் தள்ளினான். அவள் சர்க்கரை போடவில்லை. நோட்டை மூடிவிட்டு, கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். சட்டென்று கண் திறந்தது. கோப்பையை டக்கென்று வைத்தாள். தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

லிபோரியோ சிலுவை போட்டுக்கொண்டார்.

“மிக்க நன்றி. நாள் இனிதாகட்டும்,” என்று சொல்லிவிட்டு, கையை வாய் மேல் வைத்தபடி அவள் வெளியே போய்விட்டாள்.

அனியெல்லோ அந்தக் கோப்பையை எடுத்தான். முக்கால்வாசி காபி அப்படியே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். மோப்பமே இல்லாதவன் எதற்காக மோந்து பார்க்கிறான்? கீழே வைத்தான். துணியால் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்தான். பிறகு பின்னறைக்குப் போய்விட்டான்.

“எங்க போறே? எஞ்சினை விட்டுட்டு டிரைவர் எங்க போறான்?” என்று லிபோரியோ கத்தினார்.

நான் பின்னாலேயே போனேன். காபிக் கொட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால் மேல் கை இரண்டும் சும்மா கிடந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

“காலையில நல்லா இருக்குன்னியே, கும்பாரே,” என்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன் மறுபடியும். “அது ஏதோ வெளியூர்ப் பொம்பள. அதுக்கு என்ன தெரியும்?”

“தெரியாதவங்க நாக்குதான் பொய் சொல்லாது. நம்மாளுங்க எனக்காக முழுங்கிடுவாங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மத்தியானம் அந்தக் காந்தக்காரனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்றேன் மேனாவை. மூடினா மூடினதுதான்.”

நான் வெளியே ஓடினேன். அவளிடம் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீருக்கு வேறு ஏதாவது ஒரு காரணம் இருந்தால் போதும், அந்தக் காரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தெருவில் வெள்ளைத் தொப்பியைக் காணவில்லை. தலையில் ஹெல்மெட், கையெல்லாம் காய்ந்த சாந்து, நான் சரிவில் இறங்கி ஓடுகிறேன். மேலே ஜன்னலிலிருந்து துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி, “யாரைத் துரத்துறே சொஸ்ஸியோ?” என்றாள்.

“வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா!”

“இந்த வயசுலயா? உன் பொண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

“சொல்லிக்கோ! எந்தப் பக்கம் போச்சு?”

“மாதா கெபி தாண்டி மருந்துக்கடைப் பக்கம்!”

மருந்துக்கடைக்குள் அவள் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தப்பில்லை. நான் அவளாக இருந்தால் அலறியிருப்பேன்.

“சொஸ்ஸியோ, அந்தத் தூசியோட உள்ள வராதே,” என்றாள் மருந்துக்கடைக்காரி. “என்ன வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி. ஏம்மா, காபி குடிச்சுட்டு எதுக்குத் தண்ணி குடிச்சீங்க?”

கிர்ஸ்தி என்னையும் கடைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். “தண்ணீர் எனக்கு உரியதன்றோ? நான் வேறு ஒருவருடைய தண்ணீரைக் குடித்துவிட்டேனா?”

“உங்களுதுதான்மா. ஆனா ஏன் குடிச்சீங்க?”

அவள் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். நடுவில் வெள்ளையாக ஒரு கொப்புளம். மருந்துக்கடை மேடையில் ஒரு களிம்பு டியூப் திறந்து கிடந்தது.

“கோப்பை நெருப்புப் போல் இருந்தது,” என்றாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டேன். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோப்பை சுடும் என்பது எங்கள் நாலு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நாங்கள் கரண்டியால் விளிம்பில் இரண்டு சொட்டுக் காபியைத் தடவி, அந்த இடத்தை ஆற்றி, அங்கேதான் உதடு வைப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது. ஊதி ஊதிப் பால் குடிக்கிற வயதிலிருந்தே பழகியதால், அப்படி ஒன்று செய்கிறோம் என்பதே தெரியாது. தண்ணீர் குடித்தாள் என்றதும் நாலு பேரும் அவமானம் என்றுதான் நினைத்தோம். வலி என்று ஒருவரும் நினைக்கவில்லை.

மருந்துக்கடைக்காரிக்கு ஆங்கிலம் தெரியும். காபிக்குப் பிறகு தண்ணீர் குடித்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளக்கினாள். கிர்ஸ்தியின் முகம் மூக்கு நுனி நிறத்துக்கு வந்துவிட்டது.

“அந்த மனிதர் வருந்துகிறாரா?”

“வருந்துறாரா? கடையவே மூடப் போறாரு!”

அவள் களிம்பை மூடிப் பையில் போட்டாள். தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டாள். “வாருங்கள்,” என்றாள், எனக்கு முன்னால் நடந்துகொண்டே.

கடையில் லிபோரியோ மேடைக்குப் பின்னால் போய் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “தொட்டே, கையை ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன்,” என்று மேனா கல்லாவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னறைக் கதவைத் தட்டி, “கும்பாரே, வா வெளிய. அந்தம்மா வந்திருக்கு,” என்றேன்.

அவன் வந்தான். கிர்ஸ்தி மேடைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று, வழியெல்லாம் மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தை ஒப்பித்தாள்.

“ஐயா, என்னை மன்னியுங்கள். நான் உங்களை இகழவில்லை. கோப்பை என் உதட்டைச் சுட்டுவிட்டது. ஆகையால் தண்ணீர் குடித்தேன்.” உதட்டை இழுத்துக் காட்டினாள்.

“அட என் மாதாவே,” என்றாள் மேனா. “கோப்பையா!”

லிபோரியோ மேடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அனியெல்லோவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. மேடை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவளிடம் குனிந்தான்.

“அதை விடுங்கம்மா. காபி எப்படி இருந்துச்சு?”

அவள் யோசித்தாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். நல்லா இருந்தது என்று சொல், ஒரு வார்த்தை, உன் முழங்கால் புருஷனுக்கு ஆயிரம் கும்பிடு.

“எனக்குத் தெரியவில்லை,” என்றாள். “முதல் மிடறிலேயே வாய் வெந்துவிட்டது. சுவை தெரியவில்லை. உங்களிடம் பொய் சொல்ல நான் விரும்பவில்லை.”

அனியெல்லோ மெதுவாகத் தலையை என் பக்கம் திருப்பினான். இனி என்னைத் தவிர அவனுக்குச் சாட்சி இல்லை. நான் நல்லா இருந்தது என்று மூன்றாவது தடவையும் சொன்னால் போதும், அவன் நம்பிவிடுவான், கைப்பிடியைப் பிடித்துவிடுவான், எல்லாம் பழையபடி ஓடும். அவன் நம்புவான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“காலையில நான் ருசி பாக்கல, கும்பாரே,” என்றேன்.

“என்ன?”

“போன் பேசிக்கிட்டே முழுங்கிட்டேன். ஒண்ணுமே பாக்கல. சும்மா சொன்னேன். அப்புறம் உள்ள வச்சுக் கேட்டியே, அப்பவும் சும்மாதான் சொன்னேன்.”

“என்ன ருசி? இவன் எதுக்கு ருசி பாக்கணும்?” என்றார் லிபோரியோ.

மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது. அனியெல்லோ அதன் பித்தளை முதுகைத் தடவிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னான்: “எனக்கு மோப்பம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நாக்கும் இல்ல. இவன்தான் தினம் குடிச்சுப் பாத்துச் சொல்லுவான்.” பிறகு மேனா பக்கம் திரும்பினான். “உன்கிட்ட சொல்லல. தப்புதான்.”

மேனா கல்லாவிலிருந்து எழுந்தாள். கடை திறந்திருக்கும்போது அவள் அந்த முக்காலியை விட்டு எழுந்து நான் பார்த்தது மூன்றோ நாலோ தடவைதான்.

“போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அடுப்புல பால் வச்சுட்டு நான் கீழ போனேன்,” என்றாள். “திரும்பி வந்து பாத்தா பால் பொங்கி, வழிஞ்சு, கருகி, தெருமுனை வரைக்கும் நாத்தம். நீ அடுப்புக்கு ரெண்டடி தள்ளி உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்கே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“அப்போ ஏன் கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். கல்லாவுல உக்காந்து உன் முதுகையே பாத்துட்டு இருக்கேனே தினமும், அந்த முதுகு எப்பத் திரும்பும்னுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்: “கழுதை. கொத்தனார்கிட்ட சொல்லியிருக்கே, எங்கிட்ட சொல்லல.”

அவன் மேடையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனான். அவள் அவன் மார்பில் ஒரு குத்து விட்டாள், பிறகு அங்கேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். கிர்ஸ்திக்கு வார்த்தைகள் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் திரும்பி நின்று, அலமாரியில் இருந்த புட்டிகளின் பெயர்களைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்த மரியாதைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

“சரி,” என்றார் லிபோரியோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “எல்லாரும் உண்மை சொல்றீங்க, நானும் சொல்லிடறேன். காலையிலேர்ந்து உன் காபி கசக்குது.”

அனியெல்லோ நிமிர்ந்தான். “என்னது?”

“கசக்குதுப்பா. கருகின ரொட்டியை நக்கின மாதிரி.”

“மூணு காபி குடிச்சியேடா எழவெடுத்தவனே! ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“உன்கிட்ட யாரு சொல்றது? அந்த மீன்காரன் ஒரு தடவை சொன்னான். அவனை நீ வெரட்டின வெரட்டுல இன்னும் அடுத்த தெரு வழியாத்தான் கடலுக்குப் போறான்.”

அனியெல்லோ மேடைக்குப் பின்னால் பாய்ந்தான். தூளை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தான். “சிரொக்கோ. ஈரம்.” வளையத்தை ஒரு பல் தளர்த்தினான். இரண்டு காபி பிடித்துக் கொட்டினான். பிறகு வரிசையாக நாலு கோப்பை வைத்தான். கிர்ஸ்திக்கு மட்டும் அலமாரியிலிருந்து ஆறிப்போன கோப்பையாகப் பார்த்து எடுத்தான். நாலையும் எங்கள் முன்னால் தள்ளிவிட்டு, பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிறவன் போல நின்றான்.

“இன்னும் கசக்குது,” என்றாள் மேனா.

“கொஞ்சம்,” என்றேன் நான்.

“அடியில் மட்டும் கசப்பு உள்ளது,” என்றாள் கிர்ஸ்தி.

“பாருங்க, ஃபின்லாந்தும் சொல்லிடுச்சு,” என்றார் லிபோரியோ.

இன்னொரு பல். மறுபடி கொட்டல், மறுபடி நாலு கோப்பை. இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். போன் இல்லை, லாரி இல்லை. முதலில் ஒரு கசப்பு வந்து, நிற்காமல் போய், நாக்கின் ஓரத்தில் வறுத்த பாதாம் மாதிரி ஒன்று மிச்சம் நின்றது. அவன் காபி. இரண்டு வருஷமாக தினமும் நான் அதைத் தேடிப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேடாமல் குடித்துக்கூட இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

மேனா தலையை ஆட்டினாள். லிபோரியோ விரல்களைக் குவித்து முத்தமிட்டார்.

“இது மிகவும் நன்று,” என்றாள் கிர்ஸ்தி. கொஞ்சம் தயங்கினாள். “உண்மையைச் சொல்லலாமா? பால் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.”

ஒரு கணம் அனியெல்லோ அவளை முறைத்தான். பிறகு வாய் விட்டுச் சிரித்தான். பாலை எடுத்து ஊற்றினான். “உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு மூடி போட்டுத் தரேன். எத்தனை படி ஏறணும் உங்க விடுதிக்கு?”

“எழுபத்து நான்கு.”

“அப்போ ஆறிடும். நாளைக்கு அவரையே தூக்கிட்டு வாங்க. நாற்காலி நான் போடறேன்.”

“எங்களுக்குப் போட்டதில்ல இருபது வருஷமா!” என்று லிபோரியோ கத்தினார்.

அவள் போன பிறகு நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன். எதிரே சாரத்தின் மேலிருந்து மேஸ்திரி என் பெயரையும் அதோடு சேர்த்து என் முன்னோர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அனியெல்லோ மேடைக்கு மேல் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வேணும்னு பண்ணினியா?”

“இல்ல. களைப்பா இருந்துச்சு, கும்பாரே.”

அவன் கையை விடவில்லை. “ரெண்டு வருஷமா உன் நாக்கை இரவல் வாங்கிட்டேன்,” என்றான். “உனக்குக் களைப்பா இருக்குமான்னு ஒரு நாள் கேட்டனா? நாளைக்கு வா. போனை எடு, லாரியோட பேசு, முழுங்கு. உனக்காகக் குடி.”

“அப்போ யாரு ருசி பாக்கறது?”

அந்த நேரம் பார்த்து ரொட்டி அடுக்கிய தட்டோடு ஒருவன் உள்ளே வந்து, சீட்டை வைத்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். அனியெல்லோ அவன் சட்டைக் கையைப் பிடித்தான்.

“எங்க ஓடறே? எப்படி இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லாத்தான்னு சொல்லாதே. உண்மையச் சொல்லு. எனக்கு மூக்கு இல்ல, நாக்கு இல்ல, உன்னை நம்பித்தான் கடை நடக்குது.”

அவன் திகைத்துப்போய் மேனாவைப் பார்த்தான். மேனா கல்லாவிலிருந்தே, “சொல்லுப்பா, கடிக்கமாட்டான்,” என்றாள்.

“அரைப் பல் இறுக்கினா நல்லா இருக்கும்னு தோணுது.”

“அரைப் பல்லா? உன் ரொட்டியில உப்பு இருக்கான்னு நான் வந்து சொன்னனா? அரைப் பல்லாம்!”

நான் தெருவைத் தாண்டி ஏணியில் ஏறினேன். தோள் அப்படியேதான் வலித்தது. மத்தியானத்துக்குள் அந்தத் தெருவில் பதினைந்து பேராவது அவனுக்குப் பதினைந்து விதமாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவன் இறுக்கச் சொன்னான், ஒருத்தி தளர்த்தச் சொன்னாள், இன்னொருவன் கொட்டையையே மாற்றச் சொன்னான். ஒவ்வொருவரோடும் அவன் சண்டை போட்டான், சண்டை போட்டுக்கொண்டே திருகினான். சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்று சுவரில் சாந்து அடித்துக்கொண்டிருந்த எனக்கு அவன் குரல் மட்டும் கேட்டது. இரண்டு வருஷமாக அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மேஸ்திரி இரண்டு தடவை திட்டியும், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டேன்.